ஒரு ஆளுக்கு எழுதிய கணக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். எனக்கு 49 வயது. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீட்டில் நான், கணவர், கல்லூரியில் படிக்கும் மகள். ஆறு வருடங்களாக என் ஒரு சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது.

கணவர் சொந்தத் தொழில் செய்துகொண்டிருந்தார். அது நொடித்துப்போனது. அதை மூடுவதற்காக என் பெயரில் தனிநபர் கடன் வாங்கினோம். 20 வருட வீட்டுக் கடனில் இன்னும் 9 வருடம் பாக்கி. இரண்டு தவணையும் போனபிறகு மாதக் கடைசியில் கிரெடிட் கார்டைத் தேய்க்கிறேன். அதில் மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் கட்டியே ஆகவேண்டிய குறைந்தபட்சத் தொகை மட்டும்தான் கட்ட முடிகிறது. சம்பளத்தில் பாதிக்கு மேல் 5ஆம் தேதிக்குள் காணாமல் போய்விடுகிறது.

கடன்கூடப் பெரிதில்லை அம்மா. கேட்க நாதியில்லை என்பதுதான் வலிக்கிறது. இத்தனை வருடத்தில் ஒருநாளாவது ‘இன்னும் எவ்வளவு பாக்கி’ என்று அவர் கேட்டிருப்பாரா? சமைப்பார், துணி மடிப்பார், மகளுக்கு உடம்பு சரியில்லை என்றால் கண்விழித்துப் பார்ப்பார். அதையெல்லாம் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தேதி நெருங்கும்போது வயிற்றைப் பிசைவது எனக்கு மட்டும்தான். அவர் நிம்மதியாகத் தூங்குகிறார்.

அவருடைய அண்ணன் நல்ல நிலையில் இருக்கிறார். தொழில் தொடங்கியபோது ஆயிரம் யோசனை சொன்னவர், மூடும்போது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அலுவலகத்தில் என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஓய்வுக்காலத்துக்கு எதில் போட்டால் நல்லது என்று பேச ஆரம்பித்தால், நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்துவிடுவேன்.

எல்லாக் கணக்கையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒருமுறை அவர் அதை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். ‘வையுங்க, உங்களுக்கு இதெல்லாம் புரியாது’ என்று வாங்கி பீரோவில் வைத்துவிட்டேன். கணக்கு பார்க்கத் தெரியாமல்தானே தொழில் போனது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 60 வயதுக்குப் பிறகு மாதம் எவ்வளவு தேவைப்படும் என்று உட்கார்ந்து எழுதினேன். மளிகை, மருந்து, மின்கட்டணம், பஸ் செலவு என்று வரிசையாக எழுதிக் கூட்டும்போதுதான் கவனித்தேன், எல்லாமே ஒரு ஆளுக்கு எழுதியிருக்கிறேன். அவசரத்தில் விட்டுப்போயிருக்கும். அது கிடக்கட்டும்.

முதலில் கடனை அடைப்பதா, ஓய்வுக்காலத்துக்குச் சேர்ப்பதா? ஒரே சம்பளத்தில் இரண்டும் முடியுமா? ஒருத்தியே எல்லாவற்றையும் சுமக்கிறாள் என்பதை அவருக்கு எப்படி உணர்த்துவது? ஒருநாள், ஒரே ஒருநாள் கேட்டிருந்தால்கூட எனக்கு மனம் ஆறியிருக்கும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்பு மகளே,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீ கேட்ட கேள்விகளுக்குப் பாதி விடை உனக்கே தெரியும், கணக்குப் பிரிவில் இருப்பவள் நீ. ‘அது கிடக்கட்டும்’ என்று தள்ளிவிட்டுப் போனாயே, நான் அங்கேதான் நின்றுவிட்டேன்.

தினமும் வரவு செலவு எழுதிப் பழகிய கை, ஞாயிற்றுக்கிழமை நிதானமாக உட்கார்ந்து எழுதும்போது ஒரு ஆளை அவசரத்தில் விட்டுவிடாது. மகளைச் சேர்க்காதது புரிகிறது, அதற்குள் அவள் தன் காலில் நின்றிருப்பாள். கணவர் எங்கே போனார்? செலவைக் குறைக்க விட்டாய் என்றும் சொல்ல முடியாது. ஒரே வீட்டில் இன்னொருவர் இருப்பதால் செலவு இரட்டிப்பாவதில்லை. குடும்பச் செலவுகளை ஒப்பிட்டு ஆராய்கிறவர்கள், முதல் ஆளுக்கு ஒரு பங்கு என்றால் இரண்டாவது பெரியவருக்கு அரைப் பங்கு என்றுதான் பல நேரங்களில் கணக்கிடுகிறார்கள். அந்த அரைப் பங்குக்கு உன் பட்டியலில் இடமில்லாமல் போனதற்குக் காரணம் பணம் இல்லை.

நீ மனதளவில் ஆறு வருடமாகத் தனியாகத்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறாய். அதை நினைத்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் கோபித்துக்கொள்ளாதே, அந்தத் தனிமையில் உன் பங்கும் இருக்கிறது. ஒருநாளாவது கேட்டாரா என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். கேட்டார் மகளே. வாயால் கேட்கவில்லை, நோட்டைக் கையில் எடுத்தார். தொழில் நொடித்து, மனைவி தலையில் கடன் ஏறிய ஒரு மனிதருக்கு ‘எவ்வளவு பாக்கி’ என்று கேட்க எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்? அந்தக் கூச்சத்தோடு எடுத்த நோட்டை நீ வாங்கி பீரோவில் வைத்தாய். சொன்ன வார்த்தையும் லேசான வார்த்தை இல்லை. அதன்பிறகு அவர் பேசாமல் இருப்பதை அலட்சியம் என்று நீ நினைக்கிறாய். எனக்கு அது அவமானமாகத்தான் தெரிகிறது. அவர் தூக்கத்தில் நிம்மதி இருக்கிறதா என்று என்றைக்காவது கேட்டுப் பார்த்தாயா?

அவர் மேல் தப்பே இல்லை என்று சொல்லவரவில்லை. கூச்சம் ஒரு வருடம் இருக்கலாம், ஆறு வருடம் இருக்கக்கூடாது. வீட்டு வேலை செய்வதால் மட்டும் அது ஈடாகிவிடாது. ஆனால் அந்த நோட்டில் கடனோடு சேர்த்து அவர் மேல் உள்ள குற்றப்பத்திரிகையையும் நீ எழுதி வைத்திருக்கிறாய். அவரும் அதைப் பிரித்துப் பார்த்து ஒரு பக்கத்தைத் தாங்க ஆரம்பித்துவிட்டால், உன் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று உனக்குத் தெரியவில்லை. இன்னொன்றும் கவனித்தேன். இந்த ஆறு வருடத்தில் அவர் வேறு வேலை தேடினாரா, கிடைக்கவில்லையா, நீ வேண்டாம் என்றாயா என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஒரே சம்பளம் என்பதை நீ தலைவிதிபோல எழுதுகிறாய்.

நாளைக்கே நீ பத்து நாள் படுத்துவிட்டால், எந்தக் கடன் எந்தத் தேதியில் எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்று உன் வீட்டில் யாருக்குத் தெரியும்? கடன் பாக்கியை ஈடுகட்டும் அளவுக்கு உன் பெயரில் டேர்ம் இன்சூரன்ஸ், அதாவது நீ இல்லாமல் போனால் குடும்பத்துக்குப் பணம் வரும் காப்பீடு இருக்கிறதா, அதன் பத்திரம் எங்கே இருக்கிறது என்பதாவது அவருக்குத் தெரிய வேண்டும்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். முதலில் கார்டு. மாதம் 3% வட்டி என்றால், கட்டாமல் விட்ட பாக்கி 2 வருடத்தில் இரட்டிப்பாகும். அதை மிஞ்சி வளரும் என்று நம்பிப் போடக்கூடிய சேமிப்பு எதுவும் கிடையாது. மினிமம் டியூ கட்டினால் அபராதம் வராது, அவ்வளவுதான், பாக்கி பெரிதாக அசையாது. அடுத்து தனிநபர் கடன். வீட்டுக் கடனைப் பார்த்து இவ்வளவு பயப்படாதே. 9% வட்டியில் 20 வருடக் கடன் என்றால் முதல் தவணையில் சுமார் 83% வட்டிக்கே போகும், கடைசி 9 வருடம் பாக்கி இருக்கும்போது அது 55% அளவுக்கு இறங்கிவிடும். நீ செங்குத்தான இடத்தைத் தாண்டி வந்துவிட்டாய்.

கார்டு பாக்கி தீர்ந்த மாதமே, சின்னத் தொகையாக இருந்தாலும், ஓய்வுக்காலச் சேமிப்பைத் தொடங்கு. கடன் எல்லாம் முடியட்டும் என்று காத்திருக்க உனக்கு நேரமில்லை. 8% வளர்ச்சியில் பணம் இரட்டிப்பாக 9 வருடம் ஆகும், 60 வயதுக்கு உனக்கு இருப்பது 11 வருடம். விலைவாசி ஆண்டுக்கு 6% ஏறினால் 12 வருடத்தில் உன் பட்டியலும் இரட்டிப்பாகிவிடும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டை மேசையில் விரித்து வை. ‘வந்து பாருங்க, ஒருத்தியாக என்னால் முடியவில்லை’ என்று மட்டும் சொல். உணர்த்துவதற்கு அது போதும். தொழில் எப்படிப் போனது என்ற பேச்சை அன்றைக்கு எடுக்காதே. அப்புறம் 60க்குப் பிறகான பட்டியலை மறுபடி எழுது. நன்றாக யோசித்தபிறகும் ஒரு ஆளுக்குத்தான் எழுதத் தோன்றினால், அது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதை அவருக்குத் தெரிந்து, முகத்தைப் பார்த்துச் சொல்லிச் செய். இரண்டு பேருக்கு எழுதுவதாக இருந்தால், மாதம் அவருக்கு மருந்துக்கு எவ்வளவு ஆகிறது என்று அவரிடமே கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா