மூன்று ஊருக்கும் ஒரே பெட்டி

கேள்வி: ஜூலையில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகிறோம். முதலில் மெல்போர்ன், அடுத்து உலுரு, கடைசியாக கெய்ன்ஸ். மெல்போர்னில் குளிர், உலுரு பாலைவனம், கெய்ன்ஸில் கடல் குளியல் என்கிறார்கள். மூன்று ஊருக்கும் மூன்று விதமாகத் துணி எடுக்க வேண்டுமா? கூட வரும் என் மாமியாருக்கு 72 வயது. புடவை தவிர வேறு எதுவும் உடுத்த மாட்டார்.

பதில்: வேண்டாம். ஆனால் பாலைவனம் என்றதும் மெல்லிய பருத்தித் துணியாக அடுக்க ஆரம்பித்திருப்பீர்களே, அதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். உங்கள் பயணத்திலேயே குளிர் அதிகம் உலுருவில்தான், அதுவும் விடியற்காலையில். ஜூலையில் அங்கே பகல் வெப்பம் 20 டிகிரி அளவில் இருக்கும். இரவில் நாலைந்து டிகிரிக்கு இறங்கிவிடும். சில நாள் பூஜ்யத்துக்கும் கீழே. வானத்தில் மேகம் இல்லை, காற்றில் ஈரம் இல்லை. மண் பகலெல்லாம் வாங்கிய சூடு பொழுது சாய்ந்ததும் போய்விடுகிறது. உலுரு என்பதே ஒரு பெரிய பாறைதான். சூரியன் உதிக்கும்போது அது நிறம் மாறுவதைப் பார்க்க எல்லோரும் இருட்டிலேயே போய், அசையாமல் நிற்பார்கள். நடந்தால் தெரியாத குளிர், நிற்கும்போது காலிலிருந்து ஏறும்.

எனவே அந்த ஒரு மணி நேரத்துக்குத் தயாராகுங்கள், மற்ற இடங்களுக்கு அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினால் போதும். உடம்போடு ஒட்டிய தெர்மல், மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத கோட்டு. இதே மூன்றும் மெல்போர்னுக்கும் ஆகும். அங்கே பகலில் 14, இரவில் 7 டிகிரி அளவுதான். ஆனால் தெற்குக் கடலிலிருந்து வரும் காற்று தூறலையும் சேர்த்து முகத்தில் அடிக்கும். குடையை நம்பாதீர்கள், திருப்பிவிடும். கோட்டில் தலையை மூடும் தொப்பி இருக்கட்டும்.

உங்கள் மாமியார் தாராளமாகப் புடவையே கட்டட்டும். உள்பாவாடைக்குள் தெர்மல் பேன்ட், முழங்கால் வரை சாக்ஸ், பிடிப்புள்ள ஷூ. கரையைக் கணுக்காலுக்கு மேலே நிற்கிற மாதிரி கொஞ்சம் தூக்கிக் கட்டினால் ஷூவில் சிக்காது. முந்தானையைக் கோட்டுக்குள் விட்டு ஜிப்பை இழுத்துவிட்டால் காற்றில் பறக்காது. பட்டு வேண்டாம், சின்தெடிக் சீக்கிரம் காயும். குல்லா போட மாட்டேன் என்று அடம்பிடிப்பார். மஃப்ளரைத் தலையோடு சுற்றிவிடுங்கள்.

கெய்ன்ஸில் பகலில் 26 டிகிரி. கடல் கொஞ்சம் சில்லென்று இருக்கும். பவளப்பாறைக்குப் போகும் படகுகளில் உடம்பை மூடும் நீச்சல் உடுப்பு (வெட்சூட்) பெரும்பாலும் கிடைக்கும். கொட்டுகிற ஜெல்லி மீன்கள் அதிகம் வருவது நவம்பர் முதல் மே வரை என்பதால் ஜூலை நல்ல மாதம். குளிர்காலம்தானே என்று சன் ஸ்கிரீனை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஒரு விஷயம். உள்நாட்டு விமானங்களில் மலிவான டிக்கெட் என்றால் கைப்பை பெரும்பாலும் 7 கிலோதான், ஏறும் வாசலில்கூட எடை பார்ப்பார்கள். கனமான கோட்டையும் ஷூவையும் போட்டுக்கொண்டே ஏறுங்கள். அந்த ஷூவின் அடியில் ஊர் மண் ஒட்டியிருக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது மண், விதை, உணவு எல்லாவற்றையும் கேட்பார்கள். பால் சேர்த்த இனிப்பை வீட்டிலேயே தின்று தீர்த்துவிடுங்கள். மற்றதில் சந்தேகம் வந்தால் படிவத்தில் ‘ஆம்’ என்று குறியுங்கள். சொல்லிவிட்டால் பொருள்தான் போகலாம், அபராதம் கிடையாது. மறைத்தால் அபராதம் கடுமை.

கேள்வி: சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை ஆஸ்திரேலியாவுக்கு எடுத்துப் போக விடுவார்களா?

பதில்: விடுவார்கள். மூன்று மாதத் தேவைக்கு மேல் வேண்டாம். கடைக்காரர் தந்த அட்டையோடு, ஆங்கிலத்தில் டாக்டர் சீட்டும் இருக்கட்டும். டப்பாவில் கொட்டி வைக்கும் பழக்கத்தை இந்த ஒரு தடவை விடுங்கள். இன்சுலின் என்றால் கைப்பையில்தான்.

கேள்வி: நம் சார்ஜர் அங்கே வேலை செய்யுமா?

பதில்: மின்சாரம் நம்முடைய 230 வோல்ட்டேதான். ப்ளக் வேறு, கால்கள் தட்டையாகச் சாய்ந்திருக்கும். ஒரே ஒரு அடாப்டரும் நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கொண்டுபோனால் குடும்பத்தின் எல்லா போனையும் அதிலேயே போட்டுவிடலாம்.