வாசலில் நின்ற பையன்

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகனை வேறு இனத்துப் பையன் ஒருவனோடு உட்கார வைத்திருக்கிறார்கள். மொழி சரியாக வராத அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தே என் பிள்ளையின் நேரம் போகிறது, மார்க்கும் குறைந்துவிட்டது. ஒருநாள் நோட்டைத் திருப்பிக் கொடுக்க வீட்டுக்கே வந்துவிட்டான், வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டோம். நம்ம பிள்ளைகளோடு இடம் மாற்றச் சொல்லி டீச்சரிடம் எப்படிக் கேட்பது?

பதில்: டீச்சர் இருக்கட்டும் அம்மா, முதலில் அந்த வாசலுக்கு வருவோம்.

இரவல் வாங்கிய நோட்டைப் பொறுப்பாகத் திருப்பிக் கொடுக்க வீடு தேடி வந்த பிள்ளையை ‘உள்ளே வாப்பா’ என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. ‘அனுப்பிவிட்டோம்’ என்று பன்மையில் வேறு எழுதியிருக்கிறீர்கள். அப்போது உங்கள் மகன் எங்கே நின்றான்? உங்கள் முதுகுக்குப் பின்னால்தானே? மறுநாள் அதே பெஞ்சில் அந்தப் பையன் முகத்தைப் பார்க்க வேண்டியவன் அவன், நீங்கள் இல்லை. வீடு தேடி வந்தவரை உட்காரச் சொல்லப் பிள்ளைக்குப் பழக்குவதுதான் பெற்றவர்களின் முதல் வேலை, மார்க்கெல்லாம் அதற்கு அப்புறம் என்று நினைக்கிற ஆள் நான்.

சரி, மார்க்குக்கே வருகிறேன். மொழி பாதி தெரிந்த ஒருவனுக்குப் பின்னக் கணக்கைச் சொல்ல மனப்பாட வரி எதுவும் உதவாது; கட்டம் போட்டு, பாதியை நிழலடித்து, ஏன் இப்படி என்று அவன் கேட்டால் முழித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்படி முழிக்கிற இடத்தில்தான் தனக்கே எது புரியவில்லை என்று பிள்ளைக்குத் தெரியவரும். இதையா நேரம் வீண் என்கிறீர்கள்?

1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளை, கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்ததும் சண்டை மூண்டது. எலியட் அரோன்சன் என்ற உளவியலாளர் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். திக்கித் திக்கிப் பேசுகிறவனைக் கேலி செய்தால் அவனிடம் இருக்கும் துண்டு கிடைக்காது, பரீட்சையில் கோட்டை விட வேண்டியதுதான். கேலி நின்றது, கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். சிறுபான்மைப் பிள்ளைகளின் மார்க் ஏறியது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இதில் டீச்சரையும் நான் விடமாட்டேன். பக்கத்தில் உட்கார வைத்தால் மட்டும் போதாது. எப்போதும் உங்கள் மகனே சொல்லிக் கொடுக்க, மற்றவனே கேட்டுக்கொண்டிருந்தால் ஒருவன் வாத்தியார், ஒருவன் மக்கு என்றாகிவிடும். அந்தப் பையன் விளக்குகிற மாதிரியும் ஒரு வேலை கொடுங்கள் என்று கேளுங்கள், அது நியாயம். இனங்கள் பழகிப் பகை குறைய என்னென்ன வேண்டும் என்று 1954இல் கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதினார்: சம அந்தஸ்து, பொது இலக்கு, கூட்டு வேலை, மேலே இருப்பவர்களின் ஆதரவு. முதல் மூன்றும் டீச்சர் கையில். நாலாவதில் பாதி உங்கள் கையில். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அம்மாவைவிடப் பெரிய அதிகாரி யார்?

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் அந்தப் பையனின் பெயர் எங்கேயும் இல்லை. மகனிடம் கேட்டு வையுங்கள். அடுத்த முறை நோட்டோடு வந்தால் பெயர் சொல்லி உள்ளே கூப்பிட வேண்டுமே.