சொந்தக் குறிப்புகளுக்கு இலவச மென்பொருள்: கேள்வி பதில்

மஞ்சக்குப்பம் வாசகர்: காப்பீட்டு எண், வரி ரசீது, மருந்துப் பட்டியல் எல்லாம் எவர்நோட் என்னும் குறிப்பு மென்பொருளில் உள்ளன. இலவசமாக வேறெங்கு மாற்றலாம்?

பதில்: எவர்நோட்டின் இலவசக் கணக்கு 2023 டிசம்பரில் 50 குறிப்புகளாகவும் ஒரே குறிப்பேடாகவும் சுருக்கப்பட்டுவிட்டதால், தாங்கள் மாற நினைப்பது நியாயமே. ஜாப்லின் என்னும் இலவசக் குறிப்பு மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். எவர்நோட்டிலிருந்து ஏற்றுமதி செய்த கோப்புகளை அது நேரடியாகவே ஏற்றுக்கொள்ளும். இணையம் இல்லாதபோதும் இயங்கும். 2011 டிசம்பரில் தானே புயல் கரையைக் கடந்தபின் நாள்கணக்கில் மின்சாரமின்றி இருந்த, தங்களைப் போன்ற கடலூர்க்காரருக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. டிராப்பாக்ஸ் என்னும் இணையச் சேமிப்பகம் வழியாகக் கைப்பேசியையும் கணினியையும் ஒத்திசைப்பதாயின், குறிப்புகளைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மறையாக்கத்தைத் தாங்களே அமைப்புகளில் இயக்க வேண்டும். ஒத்திசைவைக் காப்புப்படி என்று எண்ணிவிடாதீர்கள்: கைப்பேசியில் அழித்த குறிப்பு கணினியிலும் அழிந்துவிடும். மாதம் ஒருமுறை தனி வன்தட்டில் ஒரு படி எடுத்து வையுங்கள்.

லாஸ்பேட்டை வாசகர்: எல்லாவற்றிலும் சிறந்தது எது?

பதில்: எதை எழுதி வைக்கப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்: தலைப்பு, உட்தலைப்பு எனக் கிளை பிரித்து எழுத வேண்டும்.

பதில்: செர்ரிட்ரீ போதும். இடப்பக்கம் கிளைமரமும் வலப்பக்கம் குறிப்பும் தெரியும். விரும்பினால் அனைத்தையும் ஒரே கோப்பில் கடவுச்சொல்லிட்டு வைக்கலாம். ஒவ்வொரு வரியையும் மடக்கி, நகர்த்தி எழுதும் பழக்கமுடையவர்கள் லாக்சீக்கைப் பார்க்கலாம்.

நெல்லித்தோப்பு வாசகர்: அப்சிடியன் என்னும் குறிப்பு மென்பொருளை ஏன் ஒதுக்குகிறீர்கள்?

பதில்: ஒதுக்கவில்லை. குறிப்புகளைச் சாதாரண மார்க்டவுன் (எளிய குறியீடுகள் கொண்ட வெற்றுரை) கோப்புகளாக நம் கோப்புறையிலேயே அது வைப்பதால், நாளை அந்த மென்பொருளே இல்லாமற்போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம்.

வில்லியனூர் வாசகர்: எவரும் சரிபார்க்கும்படி மூலநிரல் வெளியிடப்படாத அந்த மென்பொருளை நம்பச் சொல்கிறீர்களா?

பதில்: கேள்வி சரியானது, ஆயினும் மறுபக்கத்தையும் பாருங்கள். ஜாப்லினின் நிரல் திறந்தது, ஆனால் குறிப்புகள் ஒரு தரவுத்தளத்துக்குள் இருப்பதால் ஏற்றுமதி செய்தால்தான் கோப்புகளாகக் கைக்கு வரும். அப்சிடியனில் நிரல் மூடியது, கோப்புகள் திறந்தவை. இருபது ஆண்டு கழித்தும் படிக்க வேண்டிய குறிப்புகளுக்கு நான் கோப்பின் பக்கமே நிற்பேன். இரண்டும் திறந்திருக்க வேண்டுமென்றால், லாக்சீக்கின் மார்க்டவுன் பதிப்போ சிம் என்னும் மேசைக்கணினி விக்கியோ தங்களுக்கு ஏற்றவை.

பாகூர் வாசகர்: பழைய தமிழ்க் குறிப்புகளைத் தேடினால் ஒன்றுமே அகப்படவில்லை.

பதில்: அவை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானவையாக இருக்கும். ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றியபின் உள்ளிடுங்கள். எந்த மென்பொருளும் அதுவரை தேடித் தராது.

முத்தியால்பேட்டை வாசகர்: வங்கிக் கடவுச்சொற்களைக் கூகுள் கீப்பில் வைக்கலாமா?

பதில்: கூடாது. அதற்கென்றே கீபாஸ்எக்ஸ்சி இலவசமாக உள்ளது. அது கடவுச்சொற்களைச் சேமிக்கும் கோப்புக்கும் தனிப்படி வேண்டும்.

அரியாங்குப்பம் வாசகர்: இவற்றுள் சிறந்தது எது?

பதில்: லாஸ்பேட்டை அன்பருக்குச் சொன்ன பதிலைக் காண்க.