51 வயசில் மேடை ஏறினால் ஊர் சிரிக்காதா?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

வணக்கம். எனக்குத் தக்கலை பக்கம் ஊர். வயது 51. தனியார் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் வேலை. கணவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம், மகன் கல்லூரியில் படிக்கிறான்.

ஆட்களைப் போலவே பேசிக் காட்டுவது சின்ன வயதிலேயே எனக்கு வரும். எங்கள் சபை ஆண்டுவிழாவில் வருடம் தவறாமல் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி செய்வேன். சபைச் செயலர், பாடகர் குழுத் தலைவர், தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா என்று ஒவ்வொருவராகப் பேசிக் காட்டினால் சிரிப்பு அடங்கவே நேரமாகும். ஆனால் பள்ளி விழாவில் வெளியாட்கள் முன்னால் வரவேற்புரை வாசித்தபோது கை நடுங்கி, காகிதமே ஆடிவிட்டது.

இப்போது நடிப்பு, மேடை நகைச்சுவை இரண்டையும் முறையாகச் செய்து பார்க்க ஆசை. போனில் ஒரு விளம்பரம் வந்தது: 45,000 ரூபாய் கட்டினால் 3 மாதப் பயிற்சி, முடிந்ததும் சீரியலில் வாய்ப்பு உறுதியாம். கணவர், "இந்த வயசுல கோமாளி வேஷம் எதுக்கு? பெண் பார்க்க வாறவங்க என்ன நினைப்பாங்க?" என்கிறார். எனக்கும் அந்தப் பயம் உண்டு. காலம் கடந்துவிட்டதா? பணம் கட்டலாமா?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

முதலில் பணம். கட்ட வேண்டாம். பயிற்சிக்குக் கட்டணம் வாங்குவது தவறில்லை. "வாய்ப்பு உறுதி" என்று சொல்லி வாங்குவதுதான் தவறு. ஒரு வேடத்துக்கு ஆள் எடுப்பது இயக்குநரும் தயாரிப்புத் தரப்பும். பயிற்சி நடத்துகிறவரால் அதற்கு உறுதி கொடுக்க முடியாது. பதிவுக் கட்டணம், ஆர்ட்டிஸ்ட் கார்டு, போர்ட்ஃபோலியோ (புகைப்படத் தொகுப்பு) என்று பெயர் மாற்றிக் கேட்டாலும் இதே பதில்தான். முன்பணம் ஏதும் கொடுத்து ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

அடுத்தது காலம் கடந்ததா என்ற கேள்வி. ஊர்க்காரர் என்பதற்காகக் கலைவாணரைக் காட்டி உங்களை உற்சாகப்படுத்தப் போவதில்லை. 1908இல் நாகர்கோவிலில் பிறந்த அவர் இளவயதிலேயே நாடகக் கம்பெனிக்குப் போய்விட்டார். டெல்லி கணேஷ் விமானப் படையில் பத்தாண்டு இருந்துவிட்டு, முப்பதைத் தாண்டித்தான் சினிமாவுக்கு வந்தார். இந்தி நடிகர் போமன் இரானி சினிமாவில் பெயர் வாங்கியபோது வயது 44. ஆனால் இருவருமே சினிமாவுக்குத்தான் தாமதமாக வந்தவர்கள். அதற்கு முன்பே நாடக மேடையில் பழகியிருந்தார்கள். ஆகவே உங்களுக்கு வயது தடையில்லை, மேடைப் பழக்கம்தான் போதாது. ஆண்டுவிழா மேடை இருக்கிறதே என்பீர்கள். அதில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது.

அங்கே சிரிப்பவர்களுக்குச் செயலரைத் தெரியும், மீன்கார அக்காவைத் தெரியும், உங்களையும் தெரியும். அசலைப் பார்த்தவர்கள் நகலுக்குச் சிரிக்கிறார்கள். அதே நிகழ்ச்சியைத் திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ செய்தால் அரங்கம் சும்மா இருக்கும். திறமை குறைந்ததாக நினைத்து நீங்கள் உடைந்துபோவீர்கள். வெளியாட்கள் முன்னால் கை நடுங்கியதற்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஊரார் தரும் சலுகை அங்கே கிடையாது என்பது உங்கள் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.

அதனால் அந்த ஆட்களை அப்படியே மேடையேற்றாமல், அசலைப் பார்க்காதவருக்கும் புரியும் குணமாக மாற்றுங்கள். செயலரின் தொண்டை கனைப்பு வேண்டாம். நன்றியுரையை முடிக்கவே தெரியாத மனிதர் எல்லா ஊரிலும் இருக்கிறார், அவரை எடுங்கள். பேச்சுவழக்கை மாற்றாதீர்கள், அது உங்கள் சொத்து. ஆனால் சிரிப்பை வரவழைக்கிற சொல் வெளியூர்க்காரருக்குத் தெரிந்ததாக இருக்கட்டும். நாம் பலாவைச் 'சக்கை' என்போம், வெளியூர்க்காரர் அது பலாவா என்று யோசித்து முடிப்பதற்குள் சிரிப்பு போய்விடும். அப்படிப்பட்ட சொல் தேவையென்றால் இரண்டு வரி முன்னாலேயே பழக்கிவிடுங்கள்.

வரியின் அமைப்பும் முக்கியம். "சாப்பிட உட்கார்ந்ததும் எங்க உப்புன்னு கேட்பாரே தவிர, எங்க வீட்டுக்காரரு என் சமையலைக் குத்தம் சொன்னதே கிடையாது" என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். "எங்க வீட்டுக்காரரு என் சமையலைக் குத்தம் சொன்னதே கிடையாது. சாப்பிட உட்கார்ந்ததும் ஒண்ணே ஒண்ணு கேப்பாரு... எங்க உப்பு?" இதில் வெடிக்க வேண்டிய சொல் கடைசியில் நிற்கிறது. அதன்பிறகு வாயைத் திறக்காதீர்கள். புதியவர்கள் அந்த இரண்டு நொடி அமைதியைத் தாங்க முடியாமல் "அதாவது, உப்பே இருக்காது" என்று விளக்கி, வருகிற சிரிப்பையும் கெடுத்துவிடுவார்கள். நம் பக்கத்து வில்லுப்பாட்டில் "ஆமா" போடுகிறவரைக் கவனியுங்கள். எங்கே இடம் விட வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

யாரும் பெயர் கொடுத்து ஏறிப் பேசிப் பார்க்கக்கூடிய மேடைதான் ஓபன் மைக். அதில் புதியவருக்குப் பெரும்பாலும் 3 முதல் 5 நிமிடம் தருவார்கள். 5 நிமிடம் கிடைத்தால் 4 நிமிடத்துக்கே எழுதுங்கள், மீதியைச் சிரிப்பு எடுத்துக்கொள்ளட்டும். நேரம் முடியப்போவதை விளக்கு காட்டிச் சொல்வார்கள். அதைப் பார்த்ததும் முடித்துவிட வேண்டும், நேரத்தை மீறுகிறவரை அடுத்த முறை கூப்பிடத் தயங்குவார்கள். முழுவதையும் போனில் ஒலிப்பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். அன்றிரவே கேட்டால் குறை மட்டும்தான் காதில் விழும். ஒரே நிகழ்ச்சியைக் குறைந்தது ஐந்து இடத்தில் செய்த பிறகு எந்த வரியை வெட்டுவதென்று முடிவு செய்யுங்கள். தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே தமிழ் புரிகிறவர்களும் உண்டு, தெரிந்த முகமும் குறைவு. சென்னைக்கு ஒரு இரவு ரயில் பயணம் ஆகும். அது பிறகு போதும்.

நடுக்கம், பதற்றத்தில் உடம்பில் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோனின் வேலை. முழுவதும் போகாது, போகவும் வேண்டாம். காகிதத்தைக் கையில் பிடித்தால் சிறு நடுக்கமும் பெரிதாகத் தெரியும். மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவிடுங்கள், ஒரு கையால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்ளலாம். ஏறுவதற்கு முன் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். இதை ஐந்தாறு முறை செய்தால் படபடப்பு தணியும்.

நடிப்புக்கு வேறு வழி. கல்லூரிகளில் காட்சித் தொடர்பியல் (விஸ்காம்) படிக்கும் மாணவர்கள் குறும்படம் எடுக்கிறார்கள். அம்மா, மாமியார், கடைக்காரி வேடங்களுக்கு அவர்களுக்கு ஆள் கிடைப்பதில்லை. இருபது வயதுப் பெண்ணுக்கு நரை பூசி ஒப்பேற்றுகிறார்கள். சம்பளம் எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் வரும் காட்சியின் பிரதி எந்தத் தேதிக்குள் கிடைக்கும் என்பதை மட்டும் எழுதி வாங்குங்கள். ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் நடுவில் மாதம் ஓடிவிடலாம். படம் முடியும்வரை முடிக்குச் சாயம் பூசுவதையோ வெட்டுவதையோ கேட்காமல் செய்தால் காட்சிக்குக் காட்சி தோற்றம் மாறி, கண்டினியூட்டி கெட்டுவிடும்.

ஆடிஷன் வீடியோ போனிலேயே எடுக்கலாம். போனைப் படுக்கைவசமாக, கண் மட்டத்தில் நிறுத்துங்கள். பின்னால் வெற்றுச் சுவர், முன்னால் ஜன்னல் வெளிச்சம். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அதன் இரைச்சல் குரலை விழுங்கும். பெயர், வயது, உயரம், ஊர், பேசும் மொழிகள் ஆகியவற்றைச் சொல்லி, இரு பக்கமும் திரும்பிக் காட்டி, பிறகு நடியுங்கள். மலையாளம் பேச வருமென்றால் விடாமல் சொல்லுங்கள். எதிர்வசனம் சொல்பவர் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கட்டும், பார்வை அவர்மேல் இருக்கட்டும். புகைப்படம் மூன்று போதும்: முகம், இடுப்பு வரை, முழு உருவம். அழகு ஃபில்டர் போட்டால் உங்கள் முகச்சுருக்கம் போய்விடும், அவர்கள் தேடுவதே அந்தச் சுருக்கத்தைத்தான்.

வசனத்தை மொட்டை மனப்பாடம் செய்யாதீர்கள், ஒரு சொல் தப்பினால் எல்லாம் தப்பும். எதிராளியின் வரிகளை மட்டும் போனில் பதிந்து, உங்கள் வரிக்கு இடம்விட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டே பதில் சொல்லிப் பழகுங்கள்.

கணவரின் தயக்கத்தை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவருக்கு மகளைப் பற்றிய கவலை. "நடிக்கவா, வேண்டாமா" என்று பொதுவாகக் கேட்டால் "வேண்டாம்" என்பதுதான் சுலபமான பதில். ஆறு மாதம், மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை, மொத்தச் செலவு இவ்வளவு, மகளைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தையும் வராது, வீடியோவை இணையத்தில் போடுவதற்கு முன் வீட்டில் காட்டுவேன் என்று சொல்லிப் பாருங்கள். அவரைப் பற்றிய ஜோக்கை அவரிடமே முதலில் சொல்லிக் காட்டுங்கள். முதல் தடவை அவரையே துணைக்கு அழையுங்கள்.

பள்ளி வேலையை விடாதீர்கள். தொடக்கத்தில் கிடைப்பது பேட்டாவும் பயணப்படியும்தான், அதுவும் சில சமயம் தள்ளிப்போகும். நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லி, விடுப்பு எப்படி என்று பேசிவைத்துவிடுங்கள். விழா நாளிலும் தேர்வு நாளிலும் கால்ஷீட் கொடுக்காதீர்கள்.