லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியே செய்யும் அறுவையில்) சிறுநீரகத்தை அகற்றினால் வலி ஏன் குறைவு?

திறந்த அறுவையில் விலாவுக்குக் கீழே 15–20 செ.மீ. கீறி, அடுக்கடுக்கான தசையை வெட்டி உள்ளே போவார்கள். பிறகு வலிப்பது பெரும்பாலும் அந்தத் தசைதான். அங்கே ஓடும் நரம்பு அடிபட்டால் இடுப்போரம் புடைத்தே நின்றுவிடலாம்.

1990-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் மருத்துவர் ரால்ஃப் கிளேமன் குழு முதன்முதலாக லேப்ராஸ்கோப்பியில் சிறுநீரகத்தை அகற்றியது. இந்த முறையில் மூன்று நான்கு துளைகள், வயிற்றை உப்பவைக்கக் கார்பன் டை ஆக்சைடு, ஒரு கேமரா. கிணற்றில் விழுந்த வாளிக்குப் பாதாளக் கரண்டி இறக்குவது போலத்தான்; அதற்காகக் கிணற்றை இடிப்பதில்லை. சிறுநீரகத்தை முழுதாக வெளியே எடுக்க அடிவயிற்றில் மட்டும் சற்றுப் பெரிய கீறல். மிச்ச வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்துவதால் ஓரிரு நாள் தோள் வலிக்கலாம். ரத்தக்கசிவு அடங்காவிட்டால் உடனே திறந்த முறைக்கு மாறுவார்கள். அது தோல்வியல்ல, சரியான முடிவு.

துளை சிறியது என்பதால் ஆபரேஷனும் சின்னது என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே துண்டிக்கப்படுவது அதே தமனி, அதே சிரை, அதே சிறுநீர்க்குழாய்தான்.