ஐஜிஇ 640: மாத்திரை கொடுத்தும் ஏன் குறையவில்லை?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. காலையில் எழுந்ததும் விடாத தும்மல், மூக்கு ஒழுகல். இரத்தப் பரிசோதனையில் மொத்த ஐஜிஇ 640 என்று வந்தது. மூன்று மாதம் அலர்ஜி மாத்திரை கொடுத்த பிறகும் 610தான். இதை எப்படிக் குறைப்பது?

பதில்: தும்மல் குறைந்திருக்கிறதா? நீங்கள் எழுதாமல் விட்ட அதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

ஐஜிஇ என்பது உடல் தானே தயாரிக்கும் ஓர் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம். இரத்தத்தில் இருக்கும் ஐந்து வகைகளில் இதுதான் மிகக் குறைவு. உங்கள் அறிக்கையின் 640 என்பது அலகுக் கணக்கு; அதில் ஓர் அலகு என்பது வெறும் 2.4 நானோகிராம். அதனால்தான் 1960களின் பிற்பகுதி வரை யார் கண்ணிலும் படவில்லை. அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியும் ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிக் இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள்.

இது இரத்தத்தில் இரண்டு நாள் அளவுக்குத்தான் தங்கும். வேலை செய்யும் இடம் வேறு: மூக்கின் உட்சவ்விலும் தோலிலும் உள்ள, அலர்ஜியைக் கிளப்பும் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருக்கும். வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சியின் புரதம் போன்ற ஒன்று வந்து பக்கத்துப் பக்கத்து ஐஜிஇக்களைப் பிணைத்ததும், அந்தச் செல் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகிறது. தும்மல் வருகிறது. உங்கள் மாத்திரை ஹிஸ்டமினின் வேலையைத் தடுக்குமே தவிர, ஐஜிஇ உற்பத்தியைத் தொடாது. 610 என்று வந்ததால் மருந்து தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். ஐஜிஇயையே குறிவைக்கும் ஒமாலிசுமாப் ஊசி போட்ட பிறகு, நோய் தணிந்தவருக்கும் மொத்த அளவு கூடித்தான் காட்டும்!

மொத்த ஐஜிஇ அலர்ஜியால் மட்டும் ஏறுவதில்லை. குடல் புழு இருந்தாலும் ஏறும். புழுக்களை எதிர்ப்பது இதன் பழைய வேலை. கரப்பான் என்னும் எக்ஸிமா இருந்தால் ஆயிரங்களைக்கூடத் தொடலாம். அலர்ஜி இருந்தும் அளவு சாதாரணமாக இருப்பவர்களும் உண்டு.

சரி, அடுத்து என்ன? எதனால் தும்முகிறான் என்று அறிய குறிப்பிட்ட பொருளுக்கான ஐஜிஇ சோதனையோ தோல் குத்துச் சோதனையோ உதவும். தோல் சோதனைக்குச் சில நாள் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தவேண்டும். இரத்தச் சோதனைக்குத் தேவையில்லை. அதில் 'பால் பாசிட்டிவ், முட்டை பாசிட்டிவ்' என்று வந்தால், தயவுசெய்து அவற்றை உடனே நிறுத்திவிடாதீர்கள். சாப்பிட்டு ஒன்றும் ஆகாத பிள்ளைக்கு அது, அந்த உணவை உடல் அறிந்து வைத்திருக்கிறது என்பதன் அடையாளம் மட்டும்தான்; அலர்ஜி என்று ஆகாது. தாளைப் பார்த்துப் பயந்து, வளரும் பிள்ளையின் சத்தான உணவைப் பெற்றோர் பறித்துவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

தும்மல் தொடர்ந்தால் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மூக்கடைப்புக்கு அது மாத்திரையைவிட நன்றாகக் கேட்கும். ஆஸ்துமாவோடு அளவு ஆயிரத்தைத் தாண்டினாலோ, சீழ்க்கட்டியும் நிமோனியாவும் திரும்பத் திரும்ப வந்தாலோ நிபுணர் பார்க்கவேண்டும். எதையாவது சாப்பிட்டதும் உதடு வீங்கி மூச்சுத் திணறினால், ஐஜிஇ எவ்வளவாக இருந்தாலும் அவசரச் சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.