பூங்கா மைதானத்துக்கு விளக்கு: நடுவில் ஒற்றைக் கம்பம் வேண்டாம்

கேள்வி: மதுரையில் எங்கள் குடியிருப்போர் சங்கம் பார்த்துக்கொள்ளும் பூங்காவில் ஒரு வாலிபால் கோர்ட்டும் இரண்டு ஷட்டில் கோர்ட்டும் இருக்கின்றன. வேலைக்குப் போய்வரும் பையன்கள் ஏழு மணிக்கு மேல்தான் விளையாட வருகிறார்கள். நடுவில் 12 மீட்டர் ஹைமாஸ்ட் ஒன்று நட்டு ஆறு ஃபோகஸ் லைட் மாட்டிவிடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். ஆனால் தெற்குச் சுவரை ஒட்டி வீடுகள் இருக்கின்றன, அங்கே இப்போதே எதிர்ப்பு. என்ன செய்யலாம்?

பதில்: முதல் வேலையாக அந்த ஹைமாஸ்டை மறந்துவிடுங்கள். அது நாற்சந்திக்கும் பேருந்து நிலையத்துக்கும் சரிப்படும் சாமான். நடுவில் நின்று நாலா பக்கமும் வெளிச்சத்தை வெளியே வீசுவதுதான் அதன் வேலை, அந்த வெளியே என்பது உங்கள் ஊரில் யாரோ ஒருவருடைய படுக்கையறை ஜன்னல். விளையாடுகிறவனுக்கும் லாபமில்லை. பந்து மேலே போகும்போதெல்லாம் ஒரு அணிக்குக் கண்ணில் விளக்கு அடிக்கும், பந்தின் மறுபாதி இருட்டாக இருக்கும். ஒப்பந்தக்காரருக்கு மட்டும் ஒரு குழி, ஒரு கம்பம், ஒரு கேபிளோடு வேலை முடிந்துவிடும்.

நான் வேலை பார்த்த ஓர் ஊரில் இதே மாதிரி நடந்தது. கம்பம் நடுவில் இல்லை, நான்கு மூலையிலும் இருந்தது, ஆனால் எல்லா விளக்கையும் வானத்தைப் பார்க்க நிமிர்த்தி வைத்திருந்தார்கள். வெளிச்சம் போதவில்லை என்று ஒவ்வொரு வருடமும் ஒரு விளக்கு சேர்த்துக்கொண்டே போனார்கள், பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலுக்கு அட்டை ஒட்டிக்கொண்டார். நாங்கள் போய்ப் பாதி விளக்குகளை இறக்கிவிட்டு மீதியைத் தரையைப் பார்க்கக் குனிய வைத்தோம். அன்றைக்கு விளையாடிய பையன்கள், புதுசா லைட் போட்டீங்களா சார் என்று கேட்டார்கள். கண் கூசாவிட்டால் பாதி வெளிச்சமே தாராளம்.

சரி, எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தை லூமன் என்று அளப்பார்கள், ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். பொழுதுபோக்குக்கும் பயிற்சிக்கும் விளையாடும் வாலிபாலுக்கு, ஐரோப்பிய விளையாட்டு விளக்குத் தரமான ஈ.என். 12193 சொல்வது 75 லக்ஸ், உள்ளூர்ப் போட்டி அளவுக்கு 200. (முழு நிலவு நாளில் தரையில் விழுவது அரை லக்ஸ் கூட எட்டாது, ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.) உங்களுக்கு 100 லக்ஸ் போதும். கோர்ட் 18க்கு 9 மீட்டர், சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் 360 சதுர மீட்டர், ஆக 36,000 லூமன் தரையில் விழ வேண்டும். விளக்கிலிருந்து கிளம்புவதில் பாதிதான் கோர்ட்டுக்குள் வரும், தூசி படிந்து மங்குவதற்கும் கொஞ்சம் சேர்த்தால் 90,000 லூமன். நல்ல எல்இடி வாட்டுக்கு 130 லூமன் தரும் என்று வைத்தால் சுமார் 700 வாட். அதாவது 200 வாட் விளக்கு நான்கு. மூன்று மணி நேரம் எரிந்தால் இரண்டரை யூனிட்டுக்கும் குறைவு. இதற்கு மேல் யாராவது விளக்கு ஒன்றுக்கு 400 வாட், 500 வாட் என்று எஸ்டிமேட் கொடுத்தால் வெளிச்சம் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

கம்பத்தின் உயரத்தில்தான் பெரும்பாலான சங்கங்கள் தப்பு செய்கின்றன. வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு கூடாது என்று கம்பத்தைக் குட்டையாக நடுவார்கள், அதுவே தொந்தரவைக் கூட்டும். கம்பம் பக்கக்கோட்டிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோர்ட் நடுவுக்கு எட்டரை மீட்டர். 5 மீட்டர் கம்பத்திலிருந்து அந்த நடுவைக் குறி வைக்க, நேர் கீழே பார்க்கும் விளக்கை 60 டிகிரி நிமிர்த்த வேண்டும், அப்போது கற்றையின் மேல்பாதி கோர்ட்டைத் தாண்டி எதிர்வீட்டு மாடிக்குப் போகும். 9 மீட்டர் கம்பமானால் 45 டிகிரிக்கும் குறைவாகவே போதும், வெளிச்சம் மேலிருந்து கொட்டும். அதனால் 8 அல்லது 9 மீட்டர், நீளப் பக்கம் இரண்டிரண்டாக நான்கு கம்பம். கடைசிக் கோட்டுக்குப் பின்னால் ஒன்றுகூட வேண்டாம், சர்வீஸ் எடுக்கிறவன் கண்ணுக்கு நேராக அது வரும்.

இன்னொன்று, தெற்கு வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்யப்போவது அவர் சுவரோரக் கம்பம் அல்ல. அது அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும், பின்பக்கத் தடுப்புத் தகடு ஒன்று போட்டால் அடங்கிவிடும். வடக்குப் பக்கக் கம்பம்தான் அவர் வீட்டைப் பார்த்து நிற்கிறது. ஆகவே வடக்குக் கம்பங்களில் மாட்டும் விளக்கில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். கண்ணாடி தரைக்கு இணையாக, படுக்கை வசமாக இருந்தபடியே வெளிச்சத்தை ஒரு பக்கமாக முன்னே தள்ளும் ஃபோகஸ் லைட்டுகள் உண்டு, கடையில் அசிமெட்ரிக் என்று கேட்டால் தெரியும். சாதாரண ஃபோகஸ் லைட்டை நிமிர்த்தினால்தான் தூரம் போகும், இதை நிமிர்த்தவே வேண்டாம். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் பின்னால் உள்ளூர் வெல்டிங் கடையில் தகரம் வெட்டி மறைப்பு கட்டுவதைவிட இது மலிவு. அந்தத் தகரம் ஆடிக் காற்றில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஷட்டில் கதை வேறு. இறகுப்பந்து சின்னது, வேகமானது, விளையாடுகிறவர் பாதி நேரம் மேலே பார்த்துக்கொண்டே இருப்பார். வாலிபாலுக்குக் கொடுத்த வெளிச்சத்தின் இரட்டிப்பாவது வேண்டும், கம்பங்கள் கோர்ட்டின் இரு நீளப் பக்கங்களில் மட்டும். அங்கே காற்றுக்கு வலை மறைப்பு கட்டுவதாக இருந்தால் அடர்நிறத்தில் கட்டுங்கள், வெள்ளைப் பந்து தெரியும்.

நிறம். நம்மூரில் பளிச்சென்று வெள்ளையாக எரிந்தால்தான் லைட் என்று ஒரு எண்ணம், அதனால் கேட்காமலேயே 6500 கெல்வின் கொடுத்துவிடுவார்கள் (கெல்வின் என்பது விளக்கின் நிறத்தைச் சொல்லும் எண், கூடக் கூட நீல வெள்ளை, குறையக் குறைய மஞ்சள்). அதில் நீலம் அதிகம், கண் கூச்சமும் அதிகம், தூக்கத்தைக் கெடுப்பதிலும் நீல வெளிச்சத்துக்குத்தான் முதலிடம். கோர்ட்டுக்கு 4000 கெல்வின், நடைபாதைக்கு 3000 அல்லது அதற்கும் கீழ். மழைக்காலத்தில் ஈசல் மொய்ப்பதும் மஞ்சள் பக்கம் போகப் போகக் குறையும். பூங்காவில் வேம்பும் புங்கையும் இருந்தால் அவற்றில் அடையும் மைனாக்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். மரக்கிளையில் விளக்குக் கட்டும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் நேரம். வீட்டுக்காரர்களின் கோபத்தில் பாதி வெளிச்சத்தால் வருவது, மீதி பாதி எப்போது அணையும் என்று தெரியாததால் வருவது. ஒலி மாசு விதிகளின்படி இரவு என்பது 10 மணியிலிருந்து காலை 6 வரை, அந்தப் பத்தையே விளக்குக்கும் வைத்துவிடுங்கள், 9.45க்கு ஒருமுறை பாதியாக மங்கி எச்சரிக்கட்டும். ஒவ்வொரு கோர்ட்டுக்கும் தனி சர்க்யூட், தனி பொத்தான், அழுத்தினால் ஒரு மணி நேரம் எரிந்து தானாக அணைய வேண்டும். இல்லையென்றால் யாருமே இல்லாத கோர்ட் பத்து மணிவரை எரிந்துகொண்டிருக்கும். நடைபாதை விளக்கு மட்டும் இதில் சேராது. பெண்களும் பெரியவர்களும் நடக்கிற பாதை அது, விளையாட்டு விளக்கு அணைந்த பிறகும் வீடு போய்ச் சேர வெளிச்சம் வேண்டும். கூசும் விளக்குக்குப் பக்கத்தில்தான் ஆள் நிற்பது தெரியாத இருட்டும் இருக்கும் என்பதால், பாதைக்குத் தாழ்வான, மங்கலான, அடிக்கடி வைத்த விளக்குகளே பாதுகாப்பு.

மின்சாரப் பாதுகாப்பில் பேரம் பேசாதீர்கள். ஒவ்வொரு கம்பத்துக்கும் எர்த், 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), மழைத் தண்ணீர் தேங்கும் மட்டத்துக்கு மேலே ஜங்ஷன் பெட்டி, அதற்குப் பூட்டு. குழந்தைகள் கம்பத்தைப் பிடித்துச் சுற்றுவார்கள், சுற்றாமல் இருக்கமாட்டார்கள்.

ஒப்பந்தக்காரரிடம் வாய்ப்பேச்சு வேண்டாம், எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுக் காட்டும் டயலக்ஸ் மென்பொருளில் போட்ட வரைபடம் கேளுங்கள். அந்த மென்பொருள் இலவசம், விளக்கு விற்கும் கம்பெனியே பெரும்பாலும் போட்டுக் கொடுக்கும். கோர்ட்டுக்குள் எத்தனை லக்ஸ் என்பதோடு, தெற்கு வீடுகளின் ஜன்னல் உயரத்தில் எத்தனை லக்ஸ் என்ற எண்ணும் அதில் இருக்க வேண்டும். சி.ஐ.இ. 150 என்ற சர்வதேச வழிகாட்டி, உங்கள் மாதிரி குடியிருப்புப் பகுதி ஜன்னலுக்கு விளையாட்டு நேரத்தில் 10 லக்ஸ், அதன்பின் 2 லக்ஸ் என்று வரம்பு சொல்கிறது. நீங்கள் 5க்குள் கேட்டுப் பாருங்கள். நல்ல விளக்கு வைத்தால் முடியும்.

வேலை முடிந்ததும் அமாவாசையை ஒட்டி ஓர் இரவு தேர்ந்தெடுத்து, கோலப்பொடியால் 3 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து லக்ஸ் மீட்டரால் அளங்கள். மிகக் குறைந்த புள்ளி சராசரியில் பாதிக்குக் கீழே போகக் கூடாது. பிறகு எதிர்ப்புச் சொன்னவர்கள் வீட்டுக்குள்ளேயே போய், அவர்கள் அனுமதியோடு, ஜன்னலில் ஒருமுறை விளக்கு எரியும்போதும் ஒருமுறை அணைத்தும் அளங்கள். ஏணியோடு ஆள் அன்றைக்கு அங்கேயே இருக்க வேண்டும், நாலைந்து விளக்கையாவது திருப்ப வேண்டி வரும். அந்த இரவு முடியும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.